குதிரைக்கு யார் தீனி போடுவது?

யஸ்த் நகரம்
ரஜப் மாதம், வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின்

அன்புள்ள ஒட்டகக்காலா,

இனிமேல் உன்னை இப்படிக் கூப்பிடலாமோ கூடாதோ தெரியவில்லை. கூடாது என்றால் சொல், நாக்கை மாற்றிக்கொள்கிறேன்.

நீ இஸ்பஹானில் சுல்தானின் எழுத்து மண்டபத்துக்குத் தலைவனாகிவிட்டாய் என்ற செய்தி உன் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. கம்பளி வியாபாரி ஹம்தூன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் என் வீட்டுக் கதவைத் தட்டினான். ‘மகிழ்ந்தேன்’ என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். பேனா நகரவில்லை. நமக்குள் பொய் எதற்கு ஃபராமர்ஸ்? வயிறு எரிந்தது. இரவு ஆட்டுக்கறி இறங்கவில்லை. ஏன் என்று மஹ்பானூ கேட்டாள். உப்பு அதிகம் என்றேன். அதற்கும் சேர்த்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

எந்தக் கடிதத்தால் உனக்கு இந்தப் பதவி வந்தது என்பதையும் ஹம்தூன் சொன்னான். மலைக்கோட்டைக்காரன் கப்பம் கட்ட மறுத்தான், மிரட்டி எழுதிய கடிதங்களை எல்லாம் கிழித்து ஆட்டுக்குப் போட்டான், பிறகு நீ எழுதினாய்: ‘உன் தந்தையின் குதிரை இன்னும் எங்கள் லாயத்தில்தான் நிற்கிறது. இனி அதற்கு யார் தீனி போடுவது?’ அவ்வளவுதான். பிணத்துக்குப் போர்த்தும் கஃபன் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஆள் மலையை விட்டு இறங்கி வந்துவிட்டானாம். அவன் தகப்பனை நாம் எப்படி முடித்தோம் என்பதை அந்தக் குதிரை ஞாபகப்படுத்திவிட்டது.

அந்த வாக்கியம் யாருடையது? இஸ்பஹான் குளியல் கூடத்தில், முதுகு தேய்ப்பவன் நம் இரண்டு பேரையும் உரித்துக்கொண்டிருந்தபோது, வேடிக்கையாக நான் சொன்னது. கீழே இருப்பவனுக்குக் கட்டளை, சமமானவனுக்குக் கேள்வி, மேலே இருப்பவனுக்கு வாழ்த்து என்றுதானே கடிதம் எழுத நமக்குப் பழக்கினார்கள்? கீழே இருப்பவனைச் சமமானவன்போல் மெல்லக் கேள்வி கேட்டால் அவனுக்குக் குலை நடுங்கும் என்று சொன்னவன் நான். நீ நுரையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

இன்னொன்று. நம் இருவருக்குள் மட்டும் தனிச் சட்டம் வைத்திருந்தோம். ஆளுக்கு ஆள் கட்டளை போட்டுக்கொள்வோம். வா, தின்னு, வாயை மூடு. நாள் முழுக்க எவனெவனுடைய நிழலோ நீள வேண்டும் என்று வாழ்த்து எழுதியே முதுகு வளைந்தவர்கள் நாம். வேறு யாரிடம் அப்படிப் பேச முடியும்? உன் கடிதத்தில் ‘மாதுளை அனுப்பு’ என்று எழுதியிருக்கிறாய். போன வருஷமும் இதே சொல்லைத்தான் எழுதினாய். அப்போது சிரித்தேன். இப்போது அது அந்த ஆசனத்திலிருந்து வருகிறது, சிரிப்பு வரவில்லை.

இங்கே ஆளுநருக்குக் கடிதம் எழுதிப் பிழைப்பு ஓடுகிறது. நூஷீனுக்கு என் சலாம்.

உன்
ஷாமர்தான்


இஸ்பஹான்
ரஜப் மாதக் கடைசி

அடே மைத்தவளை,

உன் கடிதத்தை நூஷீனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க சிநேகிதருக்குப் பதில் எல்லாம் எதுக்குங்க, ஒரு பானை மோர் அனுப்புங்க, வயிறு குளிரட்டும்” என்றாள். ஹம்தூனிடம் மோர் கொடுத்தால் வழியிலேயே புளித்துவிடும். அதனால் அவள் கையால் செய்த சீமைமாதுளைப் பாகு அனுப்பியிருக்கிறேன். தின்னு.

குதிரை வாக்கியம் உன்னுடையதுதான். நான் எப்போது இல்லை என்றேன்? வஜீர் என்னை அழைத்துப் பாராட்டியபோதே, “இது நான் சொன்னதில்லைங்க. யஸ்துல இருக்குற என் சிநேகிதன் ஷாமர்தான் சொன்னது” என்றேன். அவர் வெள்ளரிக்காய்க்கு உப்புத் தொட்டுக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததோ இல்லையோ, “தன்னடக்கம் நல்லதுதான்யா” என்று சொல்லி அடுத்த துண்டை எடுத்தார். அதற்கு மேல் நான் என்ன செய்ய, மேசைமேல் ஏறி நின்று கத்தவா?

இந்த ஆசனம் நீ நினைப்பதுபோல் மெத்தென்று இல்லை. கூட்டாளி என்று ஒருவன் கிடையாது. எல்லோரும் என்னை வாழ்த்துகிறார்கள். காலையில் மைக்கூடு எடுத்து வைக்கும் ஆள்கூட என் நிழல் நீள வேண்டும் என்கிறான். உச்சி வெயிலில் நிழல் எங்கே நீளும்? உன்னிடமிருந்து ‘டேய்’ என்று ஒரு வரி வராதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ என்னடா என்றால் நாக்கை மாற்றிக்கொள்கிறாயாம்.

ஈத் முடியட்டும். இங்கே உனக்கு ஓர் இடம் கேட்கப் போகிறேன். அதுவரை பொறு. உன் ஆளுநரைப் பற்றி இங்கே பேச்சு நன்றாக இல்லை. அவருக்காக எழுதும்போது சொற்களைக் குறைத்துக்கொள். அரசாங்கத் தபாலில் போகும் எதையும் பிரித்துப் பார்க்கிறார்கள், எனக்கு எழுதுவதை ஹம்தூனிடமே கொடு.

மாதுளை அனுப்பு. வாயை மூடு. மஹ்பானூவின் சமையலைக் குறை சொல்லாதே.

உன்
ஃபராமர்ஸ்


யஸ்த்
ஷஅபான் மாத நடுவில்

ஃபராமர்ஸ்,

மாதுளை அனுப்பியிருக்கிறேன். பாதி வெடித்தவை. நல்லவற்றை ஆளுநர் வீட்டுக்கு எடுத்துவிட்டார்கள். உன் மனைவியின் பாகு நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை.

போன வாரம் நடந்ததைக் கேள். தலைநகரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் ஆளுநர் சபையில் உரக்கப் படிப்பது இந்த ஊர் வழக்கம், உனக்கே தெரியும். ஹம்தூன் மடையன், உன் கடிதத்தை என்னிடம் தராமல் நேரே சபைக்குக் கொண்டுபோய்விட்டான். படிப்பவன் முத்திரையை உடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டங்கள் வரப்போகின்றன என்று எல்லோரும் காத்திருக்க, ‘அடே மைத்தவளை’ என்று ஆரம்பித்தான். அதோடு நிறுத்தி, மீதியைப் படிக்காமல் என்னிடம் நீட்டிவிட்டான். அந்த மட்டும் பிழைத்தேன்.

காஜியின் மருமகன் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டான்: “என்ன எழுத்தரே, இஸ்பஹான்ல மைக்குப் பஞ்சமா? உங்க பேருக்கு முன்னால ஒரு அடைமொழிகூடக் காணோமே!”

பக்கத்தில் இருந்த பட்டு வியாபாரி விட்டானா? “அடைமொழிதான் இருக்குதே, தவளைன்னு! பெரிய எடத்துக்குப் போயிட்டாருல்ல, இனிமே இவருக்கு அனுப்பு, கொண்டா, போ, வா அவ்வளவுதான்” என்றான்.

சபையே சிரித்தது. ஆளுநரும் சிரித்தார். நானும் சிரித்தேன், வேறு வழி?

அதனால் ஒன்று கேட்கிறேன். எனக்கு முறைப்படி ஒரு கடிதம் எழுது. தாளின் மேற்பாதியை வெறுமையாக விடு. என் பெயர் மேலே, உன் பெயர் கீழே, ஒரு வரிகூடக் குறையாமல் பட்டங்கள். கட்டளை வேண்டாம், கேள்வி வேண்டாம், வாழ்த்து மட்டும். உன் முத்திரை பணிவாகத் தாளின் பின்பக்கத்தில் இருக்கட்டும். ஒரே ஒருமுறை. அதை நான் சபையில் படிக்க வைக்க வேண்டும். அந்தப் பட்டு வியாபாரியின் முகத்தைப் பார்க்க வேண்டும். உனக்கு இதில் என்ன குறைந்துவிடும்?

எனக்கு இடம் கேட்கிறேன் என்றாயே, எங்கே? உன் ஆசனத்துக்குக் கீழே படியிலா? நீ மை தொட, அது காய நான் மணல் தூவவா? வேண்டாம். ஈதுக்கு எங்கள் ஆளுநர் சுல்தானுக்கு அனுப்பும் வாழ்த்துக் கடிதத்தை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது உங்கள் சபையில் எல்லோர் முன்னாலும் படிக்கப்படும். யார் எழுதியது என்று வஜீர் கேட்பார். அப்போது வெள்ளரிக்காய் தட்டிலேயே கிடக்கும்.

ஷாமர்தான்


ஷாமர்தான்,

இதைப் படித்ததும் கிளம்பு. மஹ்பானூவை அழைத்துக்கொண்டு தபஸில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போ. ஈதுக்கு இருக்காதே. ஆளுநரிடம் விடைபெறாதே. எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்து. அதில் உன் பெயரைப் போடாதே. காரணம் கேட்காதே. பதில் எழுதாதே. இந்தத் தாளை அடுப்பில் போடு.

ஃபராமர்ஸ்


யஸ்த்
ரமலான் மாதம்

ஆணையிடுவதற்கென்றே பிறந்தவரும், தேதி போடவும் நேரமற்றவரும், சலாம் என்ற சொல்லையே மறந்தவருமான தலைமை எழுத்தர் ஃபராமர்ஸ் அவர்களுக்கு, யஸ்தின் தவளை எழுதிக்கொள்வது.

தங்கள் கட்டளை கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், தாள் முழுக்கக் கட்டளை. சமையற்கட்டு வேலையாளுக்குக்கூட இங்கே நடுவில் ஒரு ‘அப்பா’ போட்டுப் பேசுவோம்.

புரிந்துவிட்டது ஃபராமர்ஸ். ‘எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்து, அதில் உன் பெயரைப் போடாதே’ என்ற இடத்தில் பூனை வெளியே வந்துவிட்டது. ஈதுக்கு என் கடிதம் அங்கே படிக்கப்பட்டால் குதிரை யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். அதற்குப் பயந்து என்னைப் பாலைவனத்துக்கு நடுவில், பேரீச்சை மரத்துக்கும் தேளுக்கும் துணையாக அனுப்பப் பார்க்கிறாய். அடுப்பில் போடு என்கிறாய். இப்படி ஒரு நடையில் எழுதியவன் எரிக்கச் சொல்லாமல் வேறு என்ன செய்வான்?

மஹ்பானூ தாளை வாங்கி விளக்குப் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இங்க பாருங்க, மை ஈரத்தோட மடிச்சிருக்காரு. மணலே தூவல. மரியாதைக்கு மூலையக்கூட வெட்டல. எந்தக் காயிதத்தையும் மூல வெட்டாம அனுப்புற ஆளா அவரு? இது அதிகாரம் இல்லீங்க, பயம். வாங்க, போயிடலாம்” என்றாள். மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

“அவனுக்கென்னடி பயம், சுல்தான் பக்கத்துல உக்காந்திருக்கிறவனுக்கு?” என்றேன். மூட்டையைப் பிரிக்க வைத்தேன். அன்றைக்கு நோன்பு திறக்க இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்தோம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தாளை எரிக்கவில்லை. உன் கையெழுத்தையே, அப்படியே, அரசாங்கத் தபாலில் வஜீருக்கு அனுப்பிவிட்டேன். கூடவே மிகப் பணிவாக ஒரு விண்ணப்பம்: சுல்தானின் எழுத்து மண்டபத் தலைவர் வெளியூர் எழுத்தர்களுக்கு இந்த நடையில்தான் எழுதுவது வழக்கமா, வழக்கம் என்றால் நாங்களும் கற்றுக்கொள்கிறோம் என்று கேட்டிருக்கிறேன். கேள்விதான். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைப் பற்றிக் கேட்கும் கேள்வி எப்படி வேலை செய்யும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

இனிமேலாவது எனக்கு முறையாக எழுதுவாய்.

ஷாமர்தான்


இஸ்பஹான், எழுத்து மண்டபம்
ஷவ்வால் மாதம்

ஃபராமர்ஸ்,

உன்னை அடைத்திருக்கும் கோட்டையின் காவலனுக்குத் தெரிந்தவன் ஒருவனைப் பிடித்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு கம்பளி மேலங்கி, கூடை நிறைய மாதுளை. இந்த முறை ஒன்றுகூட வெடித்ததில்லை. நானே பொறுக்கினேன்.

எங்கிருந்து தொடங்குவது? ஈதுக்கு முந்தின நாள் குதிரைப்படை யஸ்துக்கு வந்தது. ஆளுநரைச் சபையிலேயே பிடித்தார்கள். அவருக்காகப் பேனா பிடித்தவர்கள் எல்லோரையும் வீடு வீடாகத் தேடி வந்தார்கள். கணக்கு எழுதிய ஜஹான்ஷாவைத் தலைப்பாகையோடு இழுத்துப்போனார்கள், இன்றுவரை அவன் என்ன ஆனான் என்று தெரியாது. என் முறை வந்தபோது படைத்தலைவன், “ஷாமர்தானா? உன் பேரை அடிச்சாச்சு. நீ இஸ்பஹானுக்கு வரணும், மரியாதையா கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க” என்றான். மஹ்பானூ கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள், தபஸுக்கு, நீ சொன்ன அதே இடத்துக்கு. நான் இல்லாமல்.

வஜீர் என்னை அருகில் உட்கார வைத்தார். உன் தாள் அவர் கையில் இருந்தது. “நீர்தானே இதை அனுப்பினது? உம்ம ஆளுநரைப் புடிக்கிற உத்தரவை எழுதினதே ஃபராமர்ஸ்தான். அதுல உம்ம பேரும் இருந்துச்சு. எழுதிட்டு ராத்திரியோட ராத்திரியா உம்மைத் தப்ப வைக்கப் பாத்திருக்கான். நீர் அவனையே புடிச்சுக் குடுத்துட்டீர். சிநேகிதம்னு பாக்கல. எனக்கு இப்படிப்பட்ட ஆளுதான்யா வேணும்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “அந்தக் குதிரை விஷயம் உம்மோடதுன்னு அவன் ஒருதரம் சொன்னான். நான்தான் நம்பல” என்றார்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை, நடை சரியில்லை என்றுதான் புகார் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தாலும் நீ வெளியே வந்திருக்க மாட்டாய், நானும் உள்ளே போயிருப்பேன். இப்படித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். “தங்கள் நிழல் நீள்க” என்றேன். அதற்குள் உன் ஆசனத்தைக் காட்டிவிட்டார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

அது மெத்தென்று இல்லை என்றாய். நான் நம்பவில்லை.

உன் வீட்டுக்குப் போனேன். நூஷீன் கதவைப் பாதிதான் திறந்தாள். “வாங்க எழுத்தரே. மோர் குடிச்சீங்களா? வயிறு குளிர்ந்துச்சா?” என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. மலைக்கோட்டைக்காரன் எப்படி இறங்கி வந்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

வெட்கமில்லாமல் இன்னொன்றும் சொல்கிறேன், உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? பொறாமை இன்னும் போகவில்லை. இங்கே நான் ஒரு வரி எழுதினால், “ஃபராமர்ஸ் ஐயா இருந்தா இதை வேற மாதிரி எழுதுவாரு” என்று பையன்கள் கிசுகிசுக்கிறார்கள். காற்றில்லாத அறையில் நீ கிடக்கிறாய், ஆசனத்தில் இருக்கும் எனக்கு உன்னைப் பார்த்து வயிறு எரிகிறது. என்ன பிறவி நான்!

உன்னை வெளியே கொண்டுவருவேன். சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை எனக்கு எழுது. திட்டு. நாயே என்று எழுது. ‘செத்துப் போ’ என்று எழுது, ‘இனி எழுதாதே’ என்றாவது எழுது. மாதுளை போதாது, இன்னும் அனுப்பு என்று ஒரு வரி போடு, யஸ்தின் தோட்டங்களையே வேரோடு அனுப்புகிறேன். ஒரே ஒரு கட்டளை. உன் கையால் ஒன்று.

உன்
மைத்தவளை


இத்தாளின் மேற்பாதி தங்கள் மேன்மைக்கு உரியது என்பதால் வெறுமையாக விடப்பட்டுள்ளது.

அறிவின் கடலும், எழுதுகோலின் அணியும், அரசின் செவியும் நாவும், வஜீர் பெருமானின் நம்பிக்கைக்கு உரியவரும், சொல்லின் எல்லை கண்டவரும், எழுத்து மண்டபத்தின் தலைவருமான பெருந்தகை ஷாமர்தான் அவர்களின் திருமுன்பில் அடியவனின் விண்ணப்பம்.

தங்கள் நிழல் நீள்க. தங்கள் ஆசனம் நிலைபெறுக. தங்கள் பேனாவின் மை ஒருநாளும் வற்றாதிருக்க.

தங்கள் திருக்கரத்தால் அனுப்பப்பட்ட மேலங்கியும் கனிகளும் வந்து சேர்ந்தன. அவை அடியவனின் தகுதிக்கு மிக உயர்ந்தவை. ஆகவே மேலங்கி வாயிற்காவலனுக்கும், கனிகள் அவனுடைய பிள்ளைகளுக்கும் சேர்ந்தன. அவர்கள் தங்களை வாழ்த்துகிறார்கள். அவர்கள் வாழ்த்து பலிக்கட்டும்.

அடியவனின் விடுதலை குறித்துத் தங்கள் திருவுள்ளம் வருந்தாதிருக்கட்டும். அதைவிடப் பெரிய அலுவல்கள் தங்களுக்கு உண்டு. அவை யாவும் இனிதே நிறைவேறுக.

குதிரை பற்றிய வாக்கியம் தங்களுடையது என்பதை அடியவன் இங்குள்ள அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து முத்திரையும் இட்டிருக்கிறான். இனி அதில் எவருக்கும் ஐயம் எழாதிருக்க.

அடியவன் இளமையில் தங்களுக்கு அறிமுகமாயிருந்தவன் என்று சிலர் சொல்லித் திரிவதாகத் தெரிகிறது. அத்தகைய பேச்சால் தங்கள் பெருமைக்கு எந்தக் குறையும் நேராதிருக்கட்டும்.

முறைப்படி எழுத வேண்டும் என்று தாங்கள் முன்பே அருளியிருந்தீர்கள். அன்று தவறிவிட்டது. பொறுத்தருளப்படுக. தாளின் மூலை வெட்டப்பட்டது. மணல் தூவப்பட்டது. முத்திரை பின்பக்கத்தில் உள்ளது.

இவ்விண்ணப்பம் சபையில் உரக்கப் படிக்கத் தக்கதாக அமைக.

அடியவருள் கடையவன்
ஃபராமர்ஸ்